காய்ஞ்ச எடை

டோக்கன் பத்தொன்பது. உள்ளே இப்பதான் மூணாம் நம்பர் போயிருக்கார், ஆளுக்கு மூணு நிமிஷம்னு வச்சாலும் என் முறை வர முக்கால் மணி நேரம், அதுவரைக்கும் இந்தத் தொண்டை தாங்கணும். நேத்து காலையிலேர்ந்து உள்ளே போனது அரை டம்ளர் தண்ணி, அதுவும் பிரஷர் மாத்திரையை விழுங்கறதுக்காக. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது, பிரிச்சா டப்புன்னு சத்தம், பக்கத்து நாற்காலியில இருதயராஜ் திரும்பிப் பார்க்கறான், அவன் உதடு என் உதட்டை விட மோசம், சித்திரை மாச ஏரி மாதிரி பாளம் பாளமா வெடிச்சிருக்கு. சிரிப்பு வருது. சிரிச்சா உதடு கிழியும். அறுபத்தொரு வயசு, இருபத்து நாலு வருஷ சர்வீஸ், ஹவில்தார் தணிகாசலம், பேரன் எடுத்தாச்சு, இன்னும் எடை பார்க்கிற மிஷினுக்குப் பயந்து பட்டினி கிடக்கறேன்னா என்னைப் போல ஒரு கேணையன் இந்த வேலூர் பக்கத்துல உண்டா? உண்டு. இன்னும் இருபத்து மூணு பேர் உண்டு. உள்ளே போன மூணு பேர் போக மிச்சம் எல்லாம் இதே ஹால்ல வரிசையா உட்கார்ந்திருக்கானுங்க, முதுகு நிமிர்ந்து, கை முழங்கால் மேல. மூலையில தண்ணி கேன், மேலே கவுத்து வச்ச எவர்சில்வர் டம்ளர், ஏழரை மணிக்கு நர்சம்மா கொண்டாந்து வச்சது, ஒரு சொட்டு குறையலை. யாராவது வெளியாள் பார்த்தா, மிலிட்டரிக்காரனுக்குத் தாகமே எடுக்காதுபோலன்னு நினைச்சுக்குவான்.

எல்லாம் என்னால வந்த வினை. போன வருஷம் இதே மாசம் டாக்டர் ரெஜினா எங்களை எல்லாம் கூப்பிட்டு, ரிட்டயர் ஆன ராணுவத்துக்காரங்களுக்கு எடை ஏன் ஏறுது, எப்படி இறக்கறதுன்னு ஒரு ஆராய்ச்சி, இருபத்து நாலு பேர், ஒரு வருஷம், முதல் நாள் ஒரு எடை, கடைசி நாள் ஒரு எடை, நடுவுல காலையில நடை, சாப்பாட்டுக்கு அளவு, இவ்வளவுதான் சார்னு சொன்னாங்க. அவங்க சொன்னது இவ்வளவு. எங்க காதுல விழுந்தது ஒரே வார்த்தை, எடை. அந்த வார்த்தையைக் கேட்டா எங்களுக்கு வயித்துக்குள்ள ஒரு பூரான் ஓடும், அது அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? சர்வீஸ்ல வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல். எடை கூடுதலா நின்னா கேட்டகரி இறங்கிடும், கேட்டகரி இறங்கினா பிரமோஷன் நின்னுடும், பிரமோஷன் நின்னா வயசு வந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால மெடிக்கலுக்கு மூணு நாள் முன்னாடியே லங்கர்ல, அதான் எங்க சாப்பாட்டுக் கூடத்துல, பாதிப் பேர் தட்டைத் தொட மாட்டான். முதல் நாள் உப்பை நிறுத்து, ரெண்டாம் நாள் தண்ணியைப் பாதியாக்கு, மூணாம் நாள் ஒரு பேதி மாத்திரை, கம்பளியைப் போத்திக்கிட்டு மைதானத்துல ஓட்டம். மிஷின் மேல ஏறும்போது ஆளு கருவாடு. எடை சரியா நிக்கும். இறங்கினதும் நேரா தண்ணிக் குழாய். மிலிட்டரி டாக்டருக்கும் தெரியும், யாரும் யாரையும் கேட்கறதில்லை. அப்படி இருபத்து நாலு வருஷம் ஏறி இறங்கினவன்கிட்ட போய் அடுத்த திங்கட்கிழமை எடைன்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான்? நான் என்ன பண்ணினேன்? ஏரிக்கரை டீக்கடையில இருபத்து மூணு பேரையும் கூட்டி வச்சு, உப்பு, தண்ணி, மாத்திரைன்னு வகுப்பு எடுத்தேன்! ஆராய்ச்சிக்கு முதல் நாள் எடை எவ்வளவு கூட நிக்குதோ அவ்வளவு நல்லதுன்னு ஒருத்தனுக்கு, ஒரே ஒருத்தனுக்காவது மண்டையில உறைச்சுதா? கழுதைக்குப் பழக்கமான பாதை, கண்ணை மூடிக்கிட்டே நடந்துட்டோம். அதுலயும் எனக்குக் கிறுக்கு ஒரு படி கூட, மருந்து வேலை செய்யுதான்னு தெரிய வேண்டாமா, முறைப்படி ட்ரையல் பார்க்கணும்டான்னு எல்லாரையும் பாவாடைன்னு ஒருத்தன் வச்சிருக்கிற இரும்புக் கடைக்குக் கூட்டிட்டுப் போய், பழைய இரும்பு போடற தராசுல ஒவ்வொருத்தனா ஏத்தி நிறுத்தினேன். நான் நூத்தி நாலு. பாவாடை முள்ளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி முள்ளைப் பார்த்தான். யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். பொண்டாட்டி லோகநாயகிகிட்டகூட இன்னிக்கு வரைக்கும் சொல்லலை. மூணு நாள் காய்ஞ்சு இங்கே வந்து ஏறினப்போ தொண்ணூத்தெட்டு. டாக்டர் எழுதிக்கிட்டாங்க. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு இறங்கினேன், பதக்கம் வாங்கினவன் மாதிரி.

ஆறாம் நம்பர் உள்ளே போயாச்சு. அந்தத் தொண்ணூத்தெட்டுதான் இப்போ கழுத்துல கல்லாக் கட்டித் தொங்குது. ஆனா நடுவுல போன இந்த ஒரு வருஷம் இருக்கே, அடடா. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், கல்யாணம் ஆன புதுசுல லீவுக்கு வந்து நின்ன முப்பது நாளுக்கு அப்புறம் நான் இவ்வளவு சந்தோஷமா இருந்ததில்லை. ரிட்டயர் ஆகி பதினோரு வருஷம் ஒரு ஏ.டி.எம். வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்திருந்தேன், உட்கார்ந்ததுதான் வேலை, நாற்காலி மூணு உடைஞ்சுது, நாலாவது உடைஞ்சப்போ பேங்க் மேனேஜர் ஒரு பார்வை பார்த்தார் பாருங்க. லங்கர்ல தின்ன அளவு வயித்துக்கு மறக்கலை, பத்து மைல் ஓடினது காலுக்கு மறந்து போச்சு, அவ்வளவுதான் எங்க வியாதி, இதுக்கு ஆராய்ச்சி வேறயான்னு முதல்ல நக்கல்தான் பண்ணினேன். முதல் நாள் ஏரிக்கரையில அரை கிலோமீட்டர் நடக்கறதுக்குள்ள ஏழு தடவை உட்கார்ந்தோம். அப்புறம் ஒரு நாள், ஐப்பசி மாசம், லேசா தூறல், யாரும் சொல்லாமலே இருபத்து நாலு பேர் கால் ஒண்ணா விழ ஆரம்பிச்சுது. லெப்ட், ரைட், லெப்ட். கரையில கல்லுல துணி துவைக்கிற பொம்பளைங்க கையை நிறுத்திட்டுப் பார்த்தாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி. மழைன்னு சொல்லிச் சமாளிச்சேன். அப்புறம் ஒண்ணொண்ணா வந்துது, ஷூ லேஸை நானே குனிஞ்சு கட்டினேன், குளிக்கும்போது என் கால் விரலை நானே பார்த்தேன், பத்தும் இருக்குது! தை மாசம் வள்ளிமலைப் படியில லோகநாயகி பின்னாடி மூச்சு வாங்கறா, நான் மேல நின்னு, "இன்னாடி, கையைப் பிடிக்கட்டுமா?"ன்னு கேட்டேன். "ஐயே, ரொம்பத்தான் மைனர் ஆயிட்டீங்க"ன்னு சொல்லிட்டு கையைக் குடுத்தா. முப்பத்தாறு வருஷத்துல கோயில் படியில அவ கை குடுத்தது அன்னிக்குத்தான். அரை டம்ளர் சாதம், ஒரு கிண்ணம் கீரை, ராத்திரிக்குக் கேழ்வரகு ரொட்டி, எல்லாத்துக்கும் அவதான் கமாண்டர்.

போன மாசம் டாக்டர் நடை முடிஞ்சதும் எங்களை ஏரிக்கரையிலயே உட்கார வச்சு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாங்க. கடைசி எடையில நூத்துக்கு அஞ்சு பங்காவது குறைஞ்சிருக்கணும் சார், மொத்தமா சராசரி. குறைஞ்சிருந்தா இன்னும் ஒரு வருஷம் குடுப்பாங்க, பக்கத்து ஊர்களுக்கும் போகும். இல்லேன்னா இத்தோட மூடிடுவாங்க, எனக்கும் இங்கே வேலை இருக்காதுன்னாங்க. எங்களுக்கு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கத் தைரியமில்லை. வீட்ல போய்க் கணக்குப் போட்டேன். இப்போ நல்லாத் தண்ணி குடிச்சா தொண்ணூத்தி நாலரை. நூத்தி நாலுலேர்ந்து பார்த்தா நூத்துக்கு ஒம்பது, ராஜா மாதிரி பாஸ். தொண்ணூத்தெட்டுலேர்ந்து பார்த்தா மூணரை, ஃபெயில். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சோம், இப்போ பூசணிக்காயைத் தேடறோம். அப்பதான் இருதயராஜ், சிக்னல்ஸ் படையில நாயக் பதவியில இருந்தவன், ரொம்பப் படிச்ச மாதிரி விரலை ஆட்டிக்கிட்டு யோசனை சொன்னான், "அண்ணே, அன்னிக்குக் காய்ஞ்சோம், இன்னிக்கும் காயுவோம். அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு. இதுல இன்னா தப்பு?" எனக்கும் அது நியாயமாப் பட்டுது. இப்பவும் நியாயமாத்தான் படுது. கூட்டிக் கழிச்சா சரியாத்தான் வருது. உப்பு, தண்ணி, மாத்திரைன்னு மறுபடி வகுப்பு எடுத்துட்டேன்.

"எட்டு"ன்னு நர்சம்மா குரல். எட்டாம் நம்பர் எழுந்திருக்கலை. எட்டு யாரு? சுபேதார் குப்புலிங்கம். எங்க எல்லாருக்கும் மூத்தவர், எழுபத்திரண்டு, நெஞ்சுக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணுன்னு காலையில கைநிறைய மாத்திரை, ஆனா நடையில ஒரு நாள் லீவு போடாத மனுஷன். நாற்காலி கைப்பிடியைப் பிடிச்சு எழுந்திருக்கப் பார்க்கறார், முடியலை, கை கிடுகிடுன்னு ஆடுது, சாம்பல் பூத்த மாதிரி மூஞ்சி. அவருமா காய்ஞ்சார்? இந்த வயசுல, அந்த மாத்திரைகளோட, மூணு நாளா? நான் சொன்னேனே, எல்லாரும்னு சொன்னேனே, சுபேதார் சாப் நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லலை. அவர் டீக்கடை பெஞ்சுல கடைசியில உட்கார்ந்து தலையை ஆட்டினார், நான் பார்த்தேன், பார்த்துட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்டேன். இந்த மனுஷன் இங்கே விழுந்தார்னா எந்தக் கணக்கு எந்தக் கணக்கோட சரியாப் போகும்? முருகா, முருகா, வள்ளிமலை முருகா. கால் எப்ப எழுந்துதுன்னு தெரியலை, நான் மூலையில நிக்கறேன், டம்ளரை நிமித்தறேன், கேன் குழாயைத் திருகறேன், தண்ணி விழுற சத்தம் அந்த ஹால்ல கோயில் மணி மாதிரி கேட்குது, அத்தனை பேரும் என்னைப் பார்க்கறான், இருதயராஜ் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "அண்ணே, இன்னா பண்றே, எல்லாம் போச்சு"ங்கறான். "வாயை மூட்றா." குப்புலிங்கம் முன்னாடி மண்டி போட்டேன், முழங்கால் மடங்குது, போன வருஷம் மடங்காது, அந்த நேரத்துலயும் அது ஒரு சந்தோஷமா மனசுல ஓடுது பாருங்க, மனுஷ மனசு வெட்கம் கெட்டது. "குடிங்க சாப்." தலையை ஆட்டறார். "எடை பார்க்கலையே தணிகா, டாக்டர் பொண்ணுக்கு வேலை போயிடும்." "போகாது சாப், நான் பேசறேன், குடிங்க, கொஞ்சம் கொஞ்சமா." குடிச்சார். தொண்டை ஏறி இறங்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது டம்ளர் பாதியில அவர் மூஞ்சிக்கு ரத்தம் திரும்புது. என் உயிரும்தான்.

நிமிர்ந்தா டாக்டர் ரெஜினா. சத்தம் கேட்டு வெளியே வந்திருக்காங்க, கையில எங்க கணக்கு எழுதற நீல ஃபைல். முதல்ல அவர் நாடியைப் பிடிச்சாங்க, பிரஷர் பார்த்தாங்க, நாக்கை நீட்டச் சொன்னாங்க, உள்ளே கட்டில்ல படுங்க சார்னாங்க, அவர் இங்கேயே இருக்கேன்னு அடம் பிடிச்சார், நர்சம்மா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி கொண்டாந்து கையில குடுத்தாங்க. அப்புறம் டாக்டர் என் பக்கம் திரும்பினாங்க. "என்ன சார் நடக்குது இங்கே?" என் மகள் வயசுப் பொண்ணு. எல்லையில எவ்வளவோ பார்த்தவன் நான், டம்ளரை முதுகுக்குப் பின்னாடி மறைக்கறேன். பொய் ஒண்ணு வாயில வந்து ரெடியா நின்னுது, வயசானவர், காலையில சாப்பிடலை போலன்னு. அந்தப் பொய்யைச் சொல்லிட்டா இன்னும் ஒரு வருஷம் நடக்கலாம். ஏரிக்கரை, தூறல், லெப்ட் ரைட், லோகநாயகி கை, எல்லாம் இன்னும் ஒரு வருஷம். சொல்லாம விட்டா இன்னிக்கு மத்தியானத்தோட இருபத்து நாலு பேரும் திரும்ப அவனவன் நாற்காலி. ஆனா உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும். சொல்லிட்டேன். உப்பு, தண்ணி, பேதி மாத்திரை, டீக்கடை, பாவாடை கடை, போன வருஷம், இந்த வருஷம், எல்லாம், மூச்சு விடாம. எல்லாத்துக்கும் காரணம் நான்தான் மேடம், இவனுங்க மேல தப்பில்லைன்னு முடிச்சேன்.

டாக்டர் ஃபைலைத் திறந்தாங்க, முதல் பக்கத்துக்குப் போனாங்க, விரலை வச்சு மேலேர்ந்து கீழே வந்தாங்க. "யூரியா"ன்னாங்க. எனக்குப் புரியலை, உரமா? "முதல் நாள் ரத்தத்துல யூரியா. இருபத்து நாலு பேருக்கும் தூக்கலா இருந்தது. அடுத்த மாசம் தானா இறங்கிடுச்சு. ஒரு வருஷமா இதுக்குக் காரணம் தேடறேன் சார்! மலையில குடிச்ச தண்ணியா, டின்ல அடைச்ச சாப்பாடான்னு அம்பது புஸ்தகம் படிச்சிருக்கேன். தண்ணி குடிக்காம வந்தீங்களா? இருபத்து நாலு பேருமா?" கோபமா அழுகையான்னு தெரியலை, உதடு துடிக்குது. அப்புறம் பொத்துக்கிட்டு வந்துது சிரிப்பு. ஃபைலை மூஞ்சியில வச்சுக்கிட்டு, தோள் குலுங்க, கண்ணுல தண்ணி வழிய. இருதயராஜுக்கும் தொத்திக்கிச்சு, ஒவ்வொருத்தனாச் சிரிக்கிறான், உதட்டைப் பிடிச்சுக்கிட்டு ஐயோ ஐயோன்னு சிரிக்கிறான். சிரிச்சு ஓய்ஞ்சு டாக்டர் கண்ணைத் துடைச்சாங்க. "பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கிட்டு தண்ணியை நிறுத்தினா கிட்னி போயிடும் சார். இது சிரிக்கிற விஷயம் இல்லை"ன்னு கறாராச் சொன்னாங்க, சொல்லிட்டு மறுபடி சிரிச்சுட்டாங்க. "முதல் எடையே பொய்யின்னா இந்தக் கணக்கு செல்லாது. நடந்ததை நடந்தபடி எழுதிடறேன். எல்லாரும் தண்ணி குடிச்சு, ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிட்டு வாங்க, அந்த எடையை முதல் நாளா வச்சு இன்னொரு வருஷம் கேட்கறேன்." "குடுப்பாங்களா மேடம்?" "தெரியாது சார்." "குடுக்கலேன்னா?" அவங்க பதில் சொல்றதுக்குள்ள குப்புலிங்கம் நாற்காலியிலேர்ந்தே சொன்னார், "குடுக்கலேன்னா என்னம்மா, ஏரிக்கரையை யாரும் மூட முடியாதில்ல? நாங்க நடப்போம். நீ நேரம் இருந்தா வந்து எண்ணிக்கை எடு." அட கிழவா! இத்தனை நாள் எனக்கு இது ஏன் தோணலை? ஆராய்ச்சி முடிஞ்சா கால் நின்னுடும்னு எவன் சொன்னான்? மாரைப் பிடிச்சிருந்த பாரம் ஒரே இறக்கமா இறங்குது, நான் இன்னும் மிஷின் மேல ஏறவேயில்லை.

டாக்டர் என்னையே பார்க்கறாங்க. "உண்மையில எவ்வளவு இருந்தீங்க சார், முதல்ல? எழுதிக்க முடியாது, இரும்புக் கடைத் தராசை எந்த ஆராய்ச்சியும் ஒத்துக்காது. சும்மா தெரிஞ்சுக்கத்தான்." இதுதான் மாட்டிக்கிற இடம். திருட்டை ஒத்துக்கிட்டேன், வாய் கூசலை. நம்பரைச் சொல்லணும்னதும் காது சுடுது. பொண்டாட்டிக்கே தெரியாத நம்பர். அப்பதான் பின்னாடி நாற்காலி கிறீச்சுனு தள்ளுப்பட்டுது, குப்புலிங்கம் எழுந்து நிக்கறார், ஒரு கை சுவத்துல, இன்னொரு கையில உப்புத் தண்ணி டம்ளர், அந்த மெலிஞ்ச தொண்டையிலேர்ந்து முப்பது வருஷத்துக்கு முந்தின பரேடு மைதானத்துக் குரல் வருது, "கின்தீ... கர்!" வரிசையில நிக்கறவன் தன் எண்ணை உரக்கச் சொல்லணும்னு அர்த்தம். அந்தக் கட்டளையைக் கேட்டா மூளையைக் கேட்காம வாய் திறக்கும், அது எங்க ரத்தத்துல ஊறினது. நான் விறைப்பா நின்னேன், குதிகால் சேர்ந்துது. "நூத்தி நாலு!" சொல்லிட்டேன். கூரை இடியலை. அடுத்தவன், "தொண்ணூத்தி ஒம்பது!" அடுத்தவன், "நூத்தி ஏழு!" "எண்பத்தெட்டு!" ஒவ்வொருத்தனா எழுந்து தலையை வெட்டித் திருப்பிச் சொல்றான், ஒவ்வொரு நம்பருக்கும் ஹால்ல ஒரு கைதட்டல், உள்ளே எடை பார்க்கப் போனவன்கூட கதவுல நின்னு, "நூத்திரண்டு!"ன்னு கத்தறான், குப்புலிங்கம் தன் பங்குக்கு "எழுபத்தாறு, காய்ஞ்சப்போ எழுபத்து மூணு"ன்னு விளக்கமாச் சொல்றார். இருதயராஜ் மட்டும் கூரையைப் பார்த்துக்கிட்டு நிக்கறான். "டேய் ராஜு." "இன்னாண்ணே, நூத்தியோ என்னமோ..." "ராஜு!" "நூத்திப் பதினாறு! போதுமா?" அவன் குரல் இடிச்ச இடியில நர்சம்மாவே கை தட்டறாங்க. வரிசை முடிஞ்சுது. எல்லாரும் மூச்சு வாங்கிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, டம்ளருக்குச் சண்டை போட ஆரம்பிச்சாச்சு. அப்போ டாக்டர் ரெஜினா ஃபைலை மேஜை மேல வச்சாங்க, துப்பட்டாவைச் சரி பண்ணிக்கிட்டாங்க, எங்க வரிசைக் கடைசியில வந்து இருதயராஜ் பக்கத்துல நேரா நின்னாங்க, மூஞ்சி செவந்து போச்சு, நேரா எதிர்ச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு, "எண்பத்தி ஒண்ணு"ன்னாங்க. "நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு ஏரிக்கரைக்கு வந்துடுங்க மேடம்"னு சொன்னேன், சொல்லிட்டு என் பங்குத் தண்ணியை அவங்ககிட்ட நீட்டினேன்.